போன வருஷம் நண்டு திரும்பி வந்தது, இந்த வருஷம் எதைக் கொண்டுபோவது?

ஒற்றை அடுப்பு | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது.

எங்கள் அலுவலகப் பெரியவர் ஓய்வு பெறுகிறார். வரும் சனிக்கிழமை பகல் மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் பிரியாவிடை. வாழைச்சேனை முதல் அம்பாறை வரை உள்ள கிளைகள் எல்லாம் சேர்ந்தால் 70 பேர் வருவார்கள். சாப்பாட்டுக்கு வெளியில் சொல்லவில்லை. ஆளுக்கொன்று செய்து வந்து நீள மேசையில் வைப்பது, விரும்பியதை எடுத்துச் சாப்பிடுவது. சிலர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்கிறார்கள், சிலர் தண்ணீருக்கும் ஐஸ்கிரீமுக்கும் காசு தருகிறார்கள். எப்படியும் 25 சாமான் மேசைக்கு வரும்.

போன வருஷமும் இப்படி ஒன்று நடந்தது. நான் நண்டுக் கறி கொண்டுபோனேன். வாவி நண்டு, விடியப் போய்ப் பார்த்து வாங்கியது. முருங்கையிலை போட்டு அம்மாவின் பக்குவத்தில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் "ஆ, நண்டு!" என்று சொல்லாத ஆள் இல்லை. சொல்லிவிட்டு எல்லோரும் பக்கத்தில் இருந்த கோழிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு கரண்டி குழம்பு எடுத்தார். நிறைந்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்ததை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது.

இந்த வருஷம் அப்படி நடக்கக் கூடாது. நான் இருப்பது கல்முனையில் ஒரு அனெக்ஸ். ஒற்றை காஸ் அடுப்பு, கேக் சுடும் 'அவன்' அடுப்பு இல்லை. குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்கார அம்மாவுடையது, கேட்டால் ஒரு தட்டு தருவார். மண்டபத்துக்கு 40 கிலோமீற்றருக்குக் கிட்ட, பஸ் பயணம். சூடாக வைத்திருக்கும் தட்டு அங்கே இரண்டுதான், இரண்டையும் புரியாணிக்காரர் பிடித்துவிட்டார்கள்.

இதுவரை பட்டியலில் உள்ளவை: கோழிக்கறி 5, புரியாணி 2, கட்லட் 3, றோல்ஸ் 2, கேக் 3, வட்டிலப்பம் 2, நூடில்ஸ் 1. எதைச் செய்யலாம்?

கல்லாற்றுப் பொடியன் | திங்கள், இரவு 9.20

அக்கா, வழியில் ஒரு பேக்கரியில் இறங்கி 50 பற்றிஸ் வாங்குங்கள். கதை முடிந்தது.

காத்தான்குடி ராத்தா | திங்கள், இரவு 9.51

தங்கச்சி, உங்கள் நண்டில் ஒரு குறையும் இல்லை. இடம்தான் பிழை.

நண்டு இருந்து சாப்பிடும் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் சவன் வைத்து நாலைந்து பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது நண்டு வந்தால் யாருக்கும் வெட்கம் இல்லை, எல்லார் கையும் ஒரே கோலம்தான். உங்கள் விருந்தில் ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு கையில் சாப்பாட்டுக் கோப்பை. மற்றக் கையால் நண்டுக் காலை உடைக்க வேண்டும், சதையை உறிஞ்ச வேண்டும், ஓட்டை வைக்க இடம் தேட வேண்டும். அதுவும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு, மேலதிகாரிக்கு முன்னால்! ஆசை இருந்தாலும் எவரும் எடுக்க மாட்டார்கள். எலும்பு நிறைந்த மீனுக்கும் இதே கதிதான்.

இந்தச் சாமானை நின்றபடி, ஒரு கையால், நாலு வாயில் சாப்பிட முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியாவிட்டால் அது வீட்டோடு இருக்கட்டும்.

அதுசரி, வருகிறவர்களில் யார் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று கேட்டீர்களா?

ஒற்றை அடுப்பு | திங்கள், இரவு 10.05

வெள்ளைச் சேர்ட்டு! அதை யோசிக்கவே இல்லை ராத்தா. அன்றைக்கு நான் கட்டியிருந்த சாறியோடு நானும் நண்டை எடுக்கவில்லை, இப்பதான் ஞாபகம் வருகிறது.

வருகிறவர்களில் அரைவாசிக்குக் கிட்ட முஸ்லிம் ஆட்கள். மற்றவர்கள் சைவமும் கிறிஸ்தவமும். அம்பாறை நகரத்தில் இருந்து நாலைந்து சிங்கள நண்பர்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

சம்மாந்துறை வயல்காரி | செவ்வாய், காலை 6.30

பட்டியலை இரண்டு தரம் பார்த்தேன். 5 கோழிக்கறியும் எதோடு சாப்பிடுவதாக உத்தேசம்? சோறு எங்கே?

சிரிக்காதீர்கள், எங்களுக்கு நடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் கூடினோம். ஆளுக்கொரு கறி என்று சொன்னோம், எல்லோரும் சொன்னபடி கறியே கொண்டு வந்தார்கள். 11 கறி. சோற்றை இன்னொருவர் கொண்டு வருவார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம். நெல் விளைகிற ஊர்க்காரர் நாங்கள், கடைசியில் பொடியன்மாரை அனுப்பிப் பாண் வாங்கி வந்து கறியைத் தொட்டுச் சாப்பிட்டோம். அந்த வெட்கத்தை யாரிடம் சொல்வது?

புரியாணி இருக்கிறது என்பீர்கள். புரியாணிக்கு மேல் கோழிக் குழம்பை எத்தனை பேர் ஊற்றுவார்கள்? வெள்ளைச் சோறு வேண்டும். 1 கிலோ அரிசி 8 முதல் 10 பேருக்குக் காணும். நீங்கள் செய்யாவிட்டாலும் ஏற்பாட்டுக்காரரிடம் சொல்லி யாரையாவது பிடியுங்கள். கல்லடியிலேயே வீடு உள்ளவர் என்றால் நல்லது.

பழைய பீ.எச்.ஐ. | செவ்வாய், காலை 8.15

சோறு என்றதும் நான் வாய் திறக்காமல் இருக்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையை விட்டாலும் பழக்கம் விடாது.

அரிசியில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் இருக்கும், வேகும் சூட்டிலும் அவை சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. காலையில் ஆக்கிய சோற்றைப் பகலில் "கொஞ்சம் சுடவைத்தால் சரி" என்பது அதனால்தான் பிழை. ஆகவே தூரத்தில் இருந்து வருகிறவர் சோறு கொண்டு வரக் கூடாது என்பதில் வயல்காரி தங்கச்சியோடு முழு உடன்பாடு.

பொதுக் கணக்கு இது. சூடான சாப்பாடு 60 பாகை செல்சியசுக்கு மேலே இருக்க வேண்டும், குளிரானது 5 பாகைக்குக் கீழே. நடுச் சூட்டில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியில் 32 பாகையைத் தாண்டினால் அது 1 மணித்தியாலம். இந்த நாட்களில் கச்சான் காற்று அடிக்கும்போது 32 எல்லாம் காலையிலேயே தாண்டிவிடும்.

இனி உங்கள் சனிக்கிழமையைப் பாருங்கள். விடிய 6 மணிக்குச் சமைப்பீர்கள். 8 மணி பஸ். 10 மணிக்கு மண்டபம். 11 மணிக்கு விழா தொடங்கும் என்று அட்டையில் இருக்கும், 12 மணிக்குத் தொடங்கும். பிறகு பேச்சு. பிரியாவிடைப் பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்தவரை இந்த மாவட்டத்தில் நான் கண்டதில்லை. பொன்னாடை, படம் பிடித்தல், பெரியவரின் பதிலுரை. கோப்பையைக் கையில் எடுக்கும்போது 2 மணி. ஆக உங்கள் கறி 8 மணித்தியாலம் சும்மா கிடக்கும். தேங்காய்ப்பால் விட்ட எதுவும் தாங்காது. சொதி, பால்கறி, கிரிபத் என்கிற பாற்சோறு எதையும் நினைக்க வேண்டாம். வட்டிலப்பக்காரர் இருவரும் ஐஸ் பெட்டியில் கொண்டு வருகிறார்களா என்று தயவுசெய்து கேளுங்கள்: முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது.

படுவான்கரை மாமா | செவ்வாய், பகல் 1.40

மனே, நான் 40 வருஷம் கலியாண வீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் அகப்பை பிடித்தவன். ஒன்று கேட்கிறேன். இது வைகாசி மாதம். கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கிற காலம். தம்பிலுவில், காரைதீவுப் பக்கத்து ஆட்கள் உங்கள் அலுவலகத்தில் இல்லையா? கோயில் கதவு திறந்தால் கடைசிக் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடாத வீடுகள் எத்தனையோ. 5 கோழி, 2 புரியாணி, கட்லட்டுக்குள் மீன், றோல்ஸுக்குள் மீனோ இறைச்சியோ. அந்தப் பிள்ளைகள் எதைச் சாப்பிடுவார்கள்? கேக்கையா?

நான் சொல்வது தயிர். எருமைத் தயிர், நாலு சட்டி. புளித்த சாமான், மூடி வைத்தால் பேச்சு முடியும்வரை தாங்கும். எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதம் அளவில் வரும், பசுப்பாலில் 4 வீதம் வந்தால் பெரிய காரியம். மண்சட்டி தண்ணீரையும் உறிஞ்சிவிடுவதால் கவிழ்த்தாலும் விழாத தயிர் கிடைக்கும். பக்கத்தில் ஒரு போத்தல் இனிப்புப் பாணி வைத்தால் சைவம், இஸ்லாம், வேதம், பௌத்தம் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

ஒற்றை அடுப்பு | செவ்வாய், பகல் 2.02

மாமா, இப்பதான் கேட்டுப் பார்த்தேன். ஒன்பது பேர் மரக்கறி! ஓய்வு பெறும் பெரியவரும் அதில் ஒருவர். அவர் வீட்டில் சடங்கு முடியும்வரை மச்சம் இல்லையாம். யாருக்காக விருந்தோ அவர் சாப்பிட மேசையில் ஒன்றும் இல்லை. பட்டியல் போட்டவருக்கு இப்போது வியர்க்கிறது.

கல்லாற்றுப் பொடியன் | செவ்வாய், பகல் 2.10

ஒரு சந்தேகம். நான் பேக்கரியில் வாங்கச் சொன்னால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மாமா தயிரை வாங்கச் சொன்னால் எல்லோருக்கும் சரியாம். தயிரும் கடைச் சாமான்தானே? அவர் என்ன எருமையையா கறந்துகொண்டு போகச் சொல்கிறார்?

படுவான்கரை மாமா | செவ்வாய், பின்னேரம் 4.30

கேள்வி நல்ல கேள்விதான். கடையில் வாங்கினால் குறைவு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சமைக்க வசதி இல்லாதவன் வாங்கிக்கொண்டு வருவதில் என்ன பிழை? ஆனால் கட்லட்டும் றோல்ஸும் ஏற்கனவே ஐந்து பேர் கொண்டு வருகிறார்கள், நீயும் பற்றிஸ் கொண்டு போனால் ஆறாவது பொரியல். தயிருக்குப் பட்டியலில் ஆள் இல்லை. மேசையில் எது இல்லையோ அதைக் கொண்டு போனால் வெறும் பப்படம் பொரித்துப் போனாலும் முடிந்துவிடும். கலியாண வீட்டில் பார்த்திருக்கிறேன், பத்துக் கறி இருக்கும், முதலில் முடிவது சம்பலும் பப்படமும்தான்.

கல்லாற்றுப் பொடியன் | செவ்வாய், பின்னேரம் 4.41

சரி, மன்னித்தோம்.

புளியந்தீவு அன்ரி | செவ்வாய், இரவு 8.00

மகள், பறங்கி வீட்டுக்காரி என்பதால் லவ் கேக் செய்யச் சொல்வேன் என்று நினைக்காதே. உன்னிடம் 'அவன்' அடுப்பு இல்லை, கேக் மூன்று பேர் கொண்டு வருகிறார்கள், ரவையும் கஜூவும் முட்டையும் வாங்குகிற காசுக்கு உன் நண்டே மலிவு.

கத்தரிக்காய் மோஜு செய், பொரித்த காயை வினாகிரிக் கூட்டில் பிரட்டி வைப்பது. மரக்கறி. தேங்காய்ப்பால் இல்லை. ஆறிப்போய்ச் சாப்பிடுவதுதான் அதன் முறை, ஆகவே சூடாக்கும் தட்டுக்குச் சண்டை வேண்டாம். புரியாணிக்கும் சேரும், வெள்ளைச் சோற்றுக்கும் சேரும், கட்லட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்தாலும் நன்றாக இருக்கும். இரண்டு நாள் முன்னதாகச் செய்து வைத்தால் இன்னும் ருசி, கடுகும் வினாகிரியும் ஊறி இறங்க நேரம் வேண்டும். ஒற்றை அடுப்புக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? சனிக்கிழமை விடிய எழும்பித் தலைமுடியைச் சீவிக்கொண்டு பஸ் ஏறலாம்.

சம்மாந்துறை வயல்காரி | செவ்வாய், இரவு 8.22

இதற்கு என் வோட்டு. தயிர், சோறு இரண்டுக்கும் வேறு ஆட்களைப் பிடியுங்கள்.

பழைய பீ.எச்.ஐ. | செவ்வாய், இரவு 9.00

எனக்கும் சம்மதம். வினாகிரிப் புளிப்பும் சீனியும் கிருமியின் வேகத்தைக் குறைக்கும். இருந்தாலும் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள், ஈரக் கரண்டி போட வேண்டாம்.

ஒற்றை அடுப்பு | செவ்வாய், இரவு 9.15

மோஜுதான், முடிவு செய்துவிட்டேன். தயிரைப் பட்டியல் போட்டவர் தானே வாங்குவதாகச் சொல்லிவிட்டார், குற்ற உணர்ச்சி போல. சோறு கல்லடிக்காரி ஒருத்தி தலையில் விழுந்தது.

70 பேருக்கு எத்தனை கிலோ கத்தரிக்காய்? அடுத்தது வினாகிரி. முஸ்லிம் ஆட்களுக்கு அது பரவாயில்லையா?

காத்தான்குடி ராத்தா | செவ்வாய், இரவு 9.40

வினாகிரிக்கு எங்கள் ஆட்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எங்கள் வீட்டு அச்சாறே அதில்தானே. எண்ணெய்தான் முக்கியம். வேறு எதையும் பொரித்த பழைய எண்ணெய் வேண்டாம். முஸ்லிம் ஆட்களுக்கும் நிம்மதி, சடங்கு வீட்டாருக்கும் நிம்மதி. புது எண்ணெய் என்று பெயர்ச் சீட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கணக்கு வாத்தி | செவ்வாய், இரவு 10.30

70 பேருக்குச் செய்ய வேண்டாம். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்.

ஒருவர் கோப்பையில் ஏறுவது மொத்தம் அரைக் கிலோ என்று வையுங்கள். அதில் சோறோ புரியாணியோ 200 கிராம் போனால் மீதி 300. 25 சாமானில் ஒருவர் ஆறு ஏழுதான் தொடுவார். ஆக ஒரு சாமானுக்கு 45 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. உங்கள் மோஜுவை அரைவாசிப் பேர், 35 பேர், எடுத்தால் 1.6 கிலோ. 9 மரக்கறிக்காரர் இரண்டாம் தரம் வருவார்கள், அவர்களுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேருங்கள். 2 கிலோ மோஜு போதும்.

கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பொரித்தால் சுருங்கும், ஆனால் எண்ணெய் குடிக்கும், வெங்காயமும் சேரும். என் கணக்கில் 2½ கிலோ பச்சைக் கத்தரிக்காய். இது மனைவியிடம் காட்டிச் சரிபார்த்தது.

திருக்கோவில் கடல் | புதன், காலை 7.05

எல்லாம் சரி, மாசிக் கருவாட்டை மறந்துவிட்டீர்கள். மாசி போடாத மோஜு மோஜுவே இல்லை. வெறும் கத்தரிக்காய்ப் பொரியலுக்கு வினாகிரி விட்டதுபோல இருக்கும். நாங்கள் நெத்தலியும் பொரித்துப் போடுவோம்.

படுவான்கரை மாமா | புதன், காலை 7.50

தம்பி, பெரியவர் மச்சம் சாப்பிடுவதில்லை என்று நேற்று முழுக்கப் பேசினோம். எந்த இழையை வாசித்தீர்?

திருக்கோவில் கடல் | புதன், காலை 8.10

வாசித்தேன். ஆனால் 9 பேருக்காக 61 பேருக்கு ருசி குறைக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. மாசி கொஞ்சம் போட்டுச் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

காத்தான்குடி ராத்தா | புதன், காலை 8.25

அப்படிச் சொல்லாதீர்கள் காக்கா. இது ருசிக் கதை இல்லை. நான் ஒரு வீட்டில் "ஒன்றும் இல்லை, சும்மா மரக்கறி றோல்ஸ்" என்று தந்ததை ஒரு கடி கடித்த பிறகுதான் உள்ளே என்ன இறைச்சி என்று தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. தந்தவர் கெட்டவர் இல்லை, பெரிய விஷயமாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். விரதக்காரருக்கு மாசியும் அப்படித்தான். "தெரியாது" என்பது தின்னக் கொடுப்பவருக்குத்தான், தின்றவருக்கு அது ஒரு நாள் தெரியவரும்.

திருக்கோவில் கடல் | புதன், காலை 9.30

சரி ராத்தா, அந்த வசனத்தை வாபஸ் வாங்குகிறேன். மாசியை நொறுக்கி வறுத்துத் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு, மேசையின் மறு முனையில் வைக்கலாமே? வேண்டியவர் தூவிக்கொள்ளட்டும்.

ஒற்றை அடுப்பு | புதன், காலை 9.44

அது நல்ல வழி. ஆனால் அந்தக் கிண்ணத்தையும் நானே தூக்க வேண்டும். மாசி இல்லாமலே போகட்டும். அன்ரி, பக்குவம் சொல்லுங்கள்.

புளியந்தீவு அன்ரி | புதன், இரவு 7.15

அகலமான கத்தரிக்காய் வேண்டாம், நீளமானதாக, விதை முற்றாததாகப் பார். விரல் நீளத்துக்கு, விரலைவிடக் கொஞ்சம் மெல்லிசாக வெட்டு. வெட்டிய கையோடு மஞ்சளும் உப்பும் பிரட்டி உடனே பொரி. பிரட்டிவிட்டுத் தொலைபேசியில் கதை பேசப் போனால் தண்ணீர் விட்டு எண்ணெய்க்குள் சடசட என்று வெடிக்கும்.

எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, காய்கள் ஒன்றுக்கொன்று இடிக்கக் கூடாது. கடும் மண்ணிறம் வரும்வரை விடு, பொன்னிறத்தில் எடுத்தால் மறுநாள் கூழ். எடுத்து வடிதட்டில் போடு. கடதாசியில் போட்டுக் குவித்தால் ஆவியில் தானே நனைந்துவிடும்.

அதே எண்ணெயில் சின்ன வெங்காயத்தை முழுதாகவும் பச்சைக் கொச்சிக்காயைக் கீறியும் வாட்டி எடு. வெங்காயம் கருகக் கூடாது, கண்ணாடிபோல வந்தால் சரி. கடுகு இரண்டு மேசைக்கரண்டி, உள்ளி ஏழெட்டுப் பல், இஞ்சித் துண்டு ஒன்று, எல்லாவற்றையும் வினாகிரி விட்டு அரை. தண்ணீர் ஒரு துளியும் வேண்டாம். அந்தக் கூட்டைச் சீனி, உப்பு, கொச்சிக்காய்த் தூளோடு சிறு நெருப்பில் ஒரு கொதி விட்டு இறக்கி, பொரித்ததை எல்லாம் போட்டுப் பிரட்டு. சீனி எவ்வளவு என்று கேட்காதே: முதலில் புளிக்க வேண்டும், பிறகு இனிக்க வேண்டும், கடைசியில் மூக்கில் கடுகு ஏற வேண்டும். அன்றைக்கு வாயில் வைத்தால் கசக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதே, கடுகு அடங்க ஒரு நாள் வேண்டும்.

கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வை. அலுமினியத்தில் வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும்.

ஒற்றை அடுப்பு | வியாழன், இரவு 10.50

அவசர உதவி. இரண்டரைக் கிலோவில் முதல் சட்டி முடிந்தது, எல்லாம் தொய்ந்து எண்ணெயில் மிதக்கிறது. நான் என்ன பிழை விட்டேன்?

படுவான்கரை மாமா | வியாழன், இரவு 10.58

சட்டியை நிரப்பியிருப்பாய். ஒரு கைப்பிடி மட்டும் போடு, எண்ணெய் மறுபடி காயும்வரை அடுத்த கைப்பிடி இல்லை. தொய்ந்ததை எறியாதே. எண்ணெயை நன்றாகச் சூடாக்கித் திரும்ப ஒரு தரம் போட்டு எடு, முறுகிவிடும். கலியாண வீட்டில் முதல் சட்டி எப்பவும் சமையல்காரனுக்குத்தான்.

ஒற்றை அடுப்பு | வெள்ளி, அதிகாலை 1.20

முடிந்தது. பன்னிரண்டு தரம் பொரித்தேன். வீட்டுக்கார அம்மா ஜன்னலைத் திறந்து "என்ன பிள்ளை, கடை போடுகிறாயா" என்று கேட்டுவிட்டுப் போனார். அனெக்ஸ் முழுக்க எண்ணெய் மணம், தலையணை உட்பட.

இன்னொரு கேள்வி. சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் எடுக்க வசதியா? சோறு கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் சீட் இருக்கிறது.

பழைய பீ.எச்.ஐ. | வெள்ளி, காலை 6.40

லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 முதல் தடை, அது ஒரு பக்கம். எண்ணெயும் வினாகிரியும் உள்ள சாமானைப் பொலித்தீனில் சுற்றுவதே நல்லதல்ல. ஒரே பாத்திரத்தில் கொண்டு போங்கள். பாத்திரத்தின் அடியில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதுங்கள், மூடியிலும் தனியாக எழுதுங்கள். பரிமாறும் கரண்டியையும் நீங்களே கொண்டு போக வேண்டும், இருபத்தைந்து சாமானுக்கு மூன்று கரண்டிதான் அங்கே இருக்கும். கோழிக்குள் கிடந்த கரண்டி மோஜுவுக்குள் வந்தால் உங்கள் பெயர்ச் சீட்டுக்குப் பொருள் இல்லை.

கல்லாற்றுப் பொடியன் | வெள்ளி, காலை 7.00

பஸ்ஸில் மடியில் வைக்காதீர்கள் அக்கா. வாளிக்குள் பாத்திரத்தை இறக்கிச் சுற்றிலும் பழைய துவாயைத் திணித்து இரண்டு காலுக்கும் நடுவில் வையுங்கள். எங்கள் மாமி ஒருமுறை இறால் குழம்பு மடியில் வைத்துக் கொண்டு வந்தார். களுவாஞ்சிகுடியில் சாரதி பிரேக் அடித்தார். முன் சீற்றில் இருந்தவர் மட்டக்களப்பு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒற்றை அடுப்பு | ஞாயிறு, காலை 10.15

நேற்று வந்ததும் படுத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

பீ.எச்.ஐ. ஐயா சொன்ன நேரக் கணக்கு ஏறக்குறைய அப்படியே. நாங்கள் கோப்பை எடுத்தது 1.50. பத்து நிமிடம் அவருக்குப் பிழை. வட்டிலப்பம் ஒன்று ஐஸ் பெட்டியில் வந்தது. மற்றது வெறும் பையில் வந்தது, ராத்தாக்கள் இருவர் மணந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மேசைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். சோறு வந்தது. ஆனால் சோற்றுக்காரி எங்கள் பட்டியல் கலவரத்தில் பயந்து 8 கிலோ ஆக்கிவிட்டாள், பாதி மிஞ்சியது. தயிர்ச் சட்டி நாலும் முதல் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மாமாவுக்கு என் வணக்கம்.

மோஜு: "கத்தரிக்காய் மோஜு, மாசி இல்லை, புது எண்ணெய்" என்று எழுதி வைத்தேன். பெரியவர் சீட்டை வாசித்துவிட்டு, இது யார் எழுதியது என்று கேட்டு, சோறும் பருப்பும் மோஜுவும் இரண்டு தரம் சாப்பிட்டார். பருப்பை யார் கொண்டு வந்தார்கள் என்று தெரியவில்லை, பட்டியலிலேயே இல்லாத சாமான். அந்தப் புண்ணியவான் வாழ்க. கட்லட்டுக்கு மேலே மோஜு வைத்துச் சாப்பிடுகிற பழக்கத்தை அம்பாறை நண்பர்கள் தொடங்கினார்கள், பிறகு எல்லோரும். 3 மணிக்குப் பாத்திரத்தில் எண்ணெயும் இரண்டு கொச்சிக்காயும்தான். கணக்கு வாத்தியாருக்கும் அவர் மனைவிக்கும் நன்றி.

கோழிக்கறி மூன்று அப்படியே திரும்பிப் போனது. அதில் ஒருத்தி என் பக்கத்து மேசைக்காரி. பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். அவள் மடியில் சட்டி இருந்தது, நான் மோஜு பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை கழுவும் இடத்தில் வாழைச்சேனைக் கிளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள்தானே போன வருஷம் நண்டு கொண்டு வந்தது? இந்த முறையும் வரும் என்று நினைத்துத்தான் கறுப்புச் சேர்ட்டு போட்டு வந்தேன்" என்றார்.

காத்தான்குடி ராத்தா | ஞாயிறு, காலை 10.31

யா அல்லாஹ்! சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணீர் சிந்திவிட்டேன்.

கல்லாற்றுப் பொடியன் | ஞாயிறு, காலை 10.40

அடுத்த விருந்துக்கு நண்டு என்றால் எனக்கும் சொல்லுங்கள் அக்கா. என்னிடம் கறுப்புச் சேர்ட்டு இரண்டு இருக்கிறது.

ஒற்றை அடுப்பு | ஞாயிறு, காலை 10.52

நண்டை விடு தம்பி. என் பாத்திரத்தின் மூடியைக் காணவில்லை. பெயர் எழுதிப் பிளாஸ்டர் ஒட்டிய மூடி, வீட்டுக்கார அம்மாவிடம் கடன் வாங்கியது. மண்டபத்துக்கு வந்த யாராவது இதை வாசித்தால், அந்த நீல மூடி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள்.